கதவுத் துளையில் தலை தெரியவில்லை: வெள்ளைப் பொடியும் கண் அழுத்தமும், ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் கண் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்க்கிறேன். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, பார்வைப்புலச் சோதனை எடுப்பது, மருத்துவரிடம் அனுப்புமுன் சொட்டு மருந்து போடுவது, இதெல்லாம் என் பாடு. தமிழ் பேசும் பெரியவர்கள் வந்தால் மருத்துவர் அறைக்குள்ளும் கூப்பிடுவார்கள், பேச்சை மாற்றிச் சொல்ல. இந்தக் கட்டுரையில் வரும் பெரியவரின் நோய் தெரியவர, அவர் என்னிடம் இரண்டு முறை வர வேண்டியிருந்தது. முதல் முறை கோட்டை விட்டவன் நான்தான். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

வயது 72. ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் 30 ஆண்டுக்கு மேல் வெல்டர். ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை. சர்க்கரை இல்லை. மனைவி, மகன், மருமகள், தொடக்கப்பள்ளிக்குப் போகும் ஒரு பேத்தி. பேத்தியை மத்தியானம் பள்ளியிலிருந்து கூட்டி வருவது அவர் பொறுப்பு. இந்தக் கடைசித் தகவலை முதல் முறை நான் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

முதல் வருகை, 2022 ஜூன்

பலதுறை மருந்தகத்திலிருந்து கண்புரை என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். காலை 11.40. வலது கண்ணில் பார்வை 6/18, இடது கண்ணில் 6/9 (6/6 என்றால் முழுப் பார்வை, கீழ் எண் கூடக் கூட மங்கல்). அழுத்தம் வலதில் 20, இடதில் 16 மி.மீ. பாதரசம். பொதுவாக 10 முதல் 21 வரை சரி என்று வைத்துக்கொள்வோம். ஆகவே இரண்டும் வரம்புக்குள். அதற்குச் சில மாதம் முன் ஒரு கண்ணாடிக் கடையில் காற்று ஊதிப் பார்த்ததிலும் இரண்டு கண்ணும் 17 என்றுதான் வந்திருந்தது. அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தோடு போனேன். "வேண்டாம் தம்பி, நான் தனியா வந்திருக்கேன்" என்றார். மூன்று நான்கு மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும் என்பது உண்மைதான். அன்று வரிசை நீளம். நான் வற்புறுத்தவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. கோப்பில் ஒரே வரி எழுதினேன்: கண்மணி விரிப்பை நோயாளி மறுத்தார். மருத்துவர் விரியாத கண்மணி வழியாகப் பார்த்தார், ஆரம்பக் கண்புரை என்றார், ஓராண்டு கழித்து வரச் சொன்னார்.

இப்போது நினைத்தால், அந்தத் தாளிலேயே ஒரு துப்பு இருந்தது. 20க்கும் 16க்கும் இடையில் 4 வித்தியாசம். ஒரே ஆளின் இரண்டு கண்களுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி வந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். இரண்டுமே "நார்மல்" என்பதால் யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் வருகை, 2023 அக்டோபர்

ஓராண்டுக்குப் பிறகு வந்த தேதியை அவர் தள்ளிப்போட்டிருந்தார். இந்த முறை தானாக, முன்கூட்டியே வந்தார். மனைவியும் கூட வந்திருந்தார், இனி அவரை அம்மா என்றே சொல்கிறேன். என்ன தொந்தரவு என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் இத்தனை வருடத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வீட்டுக் கதவில் வெளியே யார் என்று பார்க்க ஒரு சின்னக் கண்ணாடித் துளை இருக்குமே, அதில் எப்போதும் வலது கண்ணை வைத்துத்தான் பார்ப்பாராம். தீபாவளிக்குப் பலகாரச் சாமான் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்திருக்கிறார். சேலை தெரிகிறது, கையில் பை தெரிகிறது, தலை இல்லை. துளைக் கண்ணாடியில் அழுக்கு என்று துணியால் துடைத்திருக்கிறார். மறுநாள் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த பையனுக்கும் தலை இல்லை. அப்புறம்தான் கண்ணை மாற்றி இடது கண்ணை வைத்திருக்கிறார். பையன் முழுசாக நின்றிருக்கிறான்.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒரு கண்ணின் குறையை மற்ற கண் மூடி மறைத்துவிடும். அதனால்தான் கண்ணழுத்த நோய், அதாவது கிளக்கோமா, பாதிக்கு மேல் தின்ற பிறகும் நிறைய பேர் "பார்வை நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் ஒரு பழக்கம் இவருக்கு இருந்தது அதிர்ஷ்டம்.

காலை 8.20க்கு அளந்தேன். வலது கண் 36. கையை எடுத்துவிட்டு மறுபடி அளந்தேன். 36தான். இடது கண் 18. வலி? இல்லை. சிவப்பு? இல்லை. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் மூலையான வடிகால் கோணம் திடீரென மூடிக்கொண்டு அழுத்தம் ஏறினால் தலை பிளக்கும், வாந்தி வரும். கோணம் திறந்தபடியே இருந்து, அழுத்தம் மாதக்கணக்கில் மெல்ல ஏறினால் கண் பழகிக்கொள்ளும், மூச்சுக்கூட விடாது. டார்ச் ஒளியை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டியபோது, ஒளி பட்டதும் சுருங்க வேண்டிய வலது கண்மணி விரிந்தது. அந்தக் கண்ணின் நரம்பு அடி வாங்கிவிட்டது என்பதற்கு இது பழைய, எளிய, இன்றும் ஏமாற்றாத அடையாளம்.

இந்த முறை சொட்டு மருந்துக்கு மறுப்பு இல்லை. "அம்மா வந்திருக்காங்க, போடுங்க" என்றார். அப்போதுதான் கேட்டேன், போன தடவை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று. "ஒன்றரை மணிக்குப் பேத்தியைக் கூப்பிடணும் தம்பி. கண்ணு தெரியாம ரோட்ட எப்படித் தாண்டுவேன், பிள்ளையக் கையில புடிச்சுக்கிட்டு?" ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மகனுக்கு விடுமுறை இருக்கும் ஒரு நாளில் தேதி மாற்றிக் கொடுத்திருப்பேன். "மறுத்தார்" என்று எழுதிய நான், பரிசோதனை முடியவில்லை என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்.

விரித்த பிறகு தெரிந்தது

இடது கண்மணி 7 மி.மீ. விரிந்தது. வலது கண்மணி 4 மி.மீ.க்கு மேல் நகரவில்லை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் விளக்கில் பார்த்தால் கண்மணியின் ஓரத்தில் வெண்மையாகச் சிறு சிறு துகள்கள், விளிம்பில் ஒட்டிய பஞ்சுபோல. உள்ளே இயற்கை லென்ஸின் முன்பக்கத்தில் நடுவில் மங்கலான ஒரு வட்டம். அதைச் சுற்றி ஒரு சுத்தமான வளையம். அதற்கும் வெளியே மறுபடி வெள்ளைப் படிவு, கரடுமுரடாக. நடு வளையம் சுத்தமாக இருப்பதற்குக் காரணம் எளிது. கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான கருவிழித்திரை சுருங்கி விரியும்போதெல்லாம் அந்த இடத்தைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. வெளி வளையம் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கண்மணி விரியாமல் அதைப் பார்க்க முடியாது.

இதற்குச் சூடோ எக்ஸ்ஃபோலியேஷன் என்று பெயர். எக்ஸ்ஃபோலியேஷன் என்றால் உரிதல். வயது ஏற ஏற வருவது. 50க்கு முன் அபூர்வம், 70க்கு மேல் அதிகம். மருத்துவர் தன் பாணியில் ஆங்கிலத்தில் சொன்னார்: லென்ஸின்மேல் பொடுகுபோல ஏதோ படிந்திருக்கிறது என்று. நான் அப்படியே தமிழில் "பொடுகு மாதிரி" என்றேன். அம்மா சட்டென்று அவர் தலையைப் பார்த்தார். "தலைப் பொடுகா? எண்ணெய் வையுங்க வையுங்கன்னு சொன்னேன், கேட்டாரா?"

சிரிப்பு வந்தாலும், பிழை என்னுடையது. வார்த்தையை மாற்றினேன். "அம்மா, வெளியேருந்து விழுந்தது இல்ல. கண்ணே உள்ளுக்குள்ள தயார் பண்ணுது. கண்ணாடி மேல திருநீறு தூவுன மாதிரி படிஞ்சிருக்கு." பெரியவர் நெற்றியிலும் பட்டையாகத் திருநீறு இருந்தது. புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் இதற்கு "கண்ணுத் திருநீறு" என்றே பெயர்.

அது என்ன பொடி? நுண்ணிய புரத இழைகள். உடம்பில் இழுபட்டுச் சுருங்கும் திசுக்களைக் கட்டிப்போடும் நார்ப்பொருள் தாறுமாறாக உண்டாகி, கலைந்து, கண்ணின் முன்னறையில் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்கு வெளியேயும், தோல், இதயம், நுரையீரல் ஆகியவற்றின் திசுக்களிலும் இதே இழைகளை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். அங்கே என்ன கெடுதல் செய்கிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கண்ணில் செய்வதுதான் தெளிவு.

அழுத்தம் ஏறும் வழியை அவரிடம் விளக்க எனக்கு வெல்டிங் கைகொடுத்தது. கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரக்கிறது, கண்மணி வழியாக முன்னே வந்து, கருவிழித்திரையும் அதன் முன்னால் இருக்கும் தெளிந்த கருவிழிப் படலமும் சேரும் மூலையில் இருக்கும் சல்லடை போன்ற வடிகாலில் இறங்கிப் போகிறது. லென்ஸின்மேல் படிந்த இந்தப் பொடி எமரி பேப்பர் மாதிரி. திரையின் பின்பக்கம் அதில் உரச உரச, அதன் கறுப்பு நிறமித் தூள் உதிர்கிறது. வெள்ளைப் பொடி ஒரு பக்கம், கறுப்புத் தூள் ஒரு பக்கம், இரண்டும் நீரோடு போய்ச் சல்லடையை அடைக்கின்றன. வரத்து குறையவில்லை, போக்கு குறைந்துவிட்டது. "சிங்க்குல அரிசி களைஞ்ச தண்ணி நிக்கிற மாதிரி" என்று அம்மா முடித்து வைத்தார். நான் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கோணத்தைப் பார்க்கும் சிறு கண்ணாடியை வைத்து மருத்துவர் பார்த்தபோது வடிகால் திறந்துதான் இருந்தது, ஆனால் கறுப்பேறி. வழக்கமான எல்லைக்கு முன்னாலும் அலை அலையாக ஒரு நிறமிக் கோடு ஓடியது. சம்பவோலேசி கோடு என்பார்கள். கருவிழிப் படலத்தின் தடிமன் 512 மைக்ரான், சராசரியைவிடக் கொஞ்சம் மெலிது. மெலிந்த படலத்தில் கருவி காட்டும் எண் உண்மையைவிடக் குறைவாக வர வாய்ப்புண்டு. பார்வை நரம்பின் நடுவில் உள்ள குழிவு வலதில் 0.85, இடதில் 0.4. இந்த எண் 1ஐ நெருங்க நெருங்க நரம்பு தேய்ந்திருக்கிறது என்று பொருள். பார்வைப்புலச் சோதனையில் வலது கண்ணின் மேல்பாதி வில்போல வளைந்து கறுத்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவின் தலை போன இடம் அதுதான்.

இந்த நோயில் இன்னொன்று: கண்மணியை விரித்தால் நிறமித் தூள் மேலும் கொட்டி, அழுத்தம் தற்காலிகமாக எகிறலாம். அதனால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தேன். 41. அன்றே மாத்திரை கொடுத்து, சொட்டு மருந்து போட்டு, இறங்கும்வரை உட்கார வைத்தோம்.

ஏன் 2022இல் 20, இப்போது 36? ஓராண்டுக்கு மேலான இடைவெளியில் முற்றியது ஒரு பங்கு. அளந்த நேரம் இன்னொரு பங்காக இருக்கலாம். பொடி அடைத்த கண்ணில் ஒரே நாளுக்குள் அழுத்தம் மேலும் கீழும் போவது சாதாரணக் கிளக்கோமாவைவிட அதிகம். நண்பகலுக்குக் கிட்டத்தில் ஒருமுறை எடுத்த 20 எதற்கும் சாட்சி ஆகாது. சட்டைப் பையில் இருந்த 17 அதைவிடவும் ஆகாது. சாதாரணத் திறந்த கோணக் கிளக்கோமாவைவிட இது நரம்பை வேகமாகத் தின்னும் என்பதும் தெரிந்த விஷயம்.

வெல்டிங் பொறி காரணமா?

அவர் மனதை அரித்தது வேறு. "30 வருஷம் நெருப்பைப் பார்த்தேன். அதான் கண்ணுல தோலு உரியுதா?" என்று இரண்டு முறை கேட்டார். மருத்துவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார். எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை. ஏனென்றால் இந்த நோயின் பெயருக்குள்ளேயே அவர் கேள்விக்கு ஒரு கதை இருக்கிறது.

1917இல் ஃபின்லாந்தில் யோன் லிண்ட்பெர்க் என்ற கண் மருத்துவர், அப்போது புதிதாக வந்திருந்த ஸ்லிட் லாம்பை வைத்து, கண்மணி ஓரத்து வெள்ளைத் துகள்களை முதலில் விவரித்தார். 1925இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் ஃபோக்ட், இது லென்ஸின் உறையே உரிந்து விழுவது என்று கருதி "முதுமை உரிதல்" என்று பெயர் வைத்தார். உறை உண்மையிலேயே உரியும் நோய் வேறொன்று இருந்தது. உலையின் முன்னால் கண்ணாடி ஊதும் தொழிலாளர்களுக்கு, வருடக்கணக்கான அகச்சிவப்பு வெப்பத்தில் லென்ஸின் உறை மெல்லிய ஏடாகப் பிரிந்து நிற்கும். இரண்டையும் குழப்பக்கூடாது என்று 1954இல் ஜார்ஜியானா டிவோரக் தியோபால்ட், பொடி படியும் நோய்க்கு முன்னால் "சூடோ", அதாவது போலி, என்று சேர்த்தார். உரிவதுபோலத் தெரிகிறது, உரியவில்லை. ஆக, உலை வெப்பத்தால் வருவது அசல் உரிதல். இவருக்கு வந்தது போலி.

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. தொழில் தன்னைக் கெடுத்துவிட்டதோ என்ற சந்தேகம் பெரியவர்களுக்கு எவ்வளவு பாரம் என்பதை நாம் யோசிப்பதில்லை. முழுப் பதிலையும் சொன்னேன்: வெட்டவெளியில் வேலை செய்து, தண்ணீரிலும் பனியிலும் பட்டுத் தெறிக்கும் வெயிலை நெடுங்காலம் வாங்கியவர்களிடம் இந்த நோய் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கப்பல் மேல்தளத்தில், கடல் பக்கம், நடுப்பகல் வெயிலில் நின்றவர் அவர். அது ஒரு காரணமாக இருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது.

பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது உறுதி. 2007இல் ஐஸ்லாந்து, ஸ்வீடன் மக்களிடம் நடந்த ஆய்வு, எல்ஓஎக்ஸ்எல்1 என்ற மரபணுவின் சில வடிவங்களை இந்த நோயோடு சேர்த்துக் காட்டியது. நார்களைக் கட்டும் நொதியைத் தயாரிக்கும் மரபணு அது. பின்னர் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய பன்னாட்டு ஆய்வு 2015இல் சிஏசிஎன்ஏ1ஏ என்ற இன்னொரு மரபணுவைச் சேர்த்தது. ஆனால் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அந்த வடிவங்கள் நோயே வராதவர்களில் பெரும்பாலோரிடமும் இருக்கின்றன. சில இனத்தவரில் ஆபத்தான வடிவம் என்பது மற்றவரில் தலைகீழாக மாறிவிடுகிறது.

நோர்டிக் நாடுகளில் இது சகஜம் என்பதால் குளிர்தேச நோய் என்று சிலர் நினைப்பார்கள். தென்னிந்தியாவில் நடந்த மக்கள்தொகை ஆய்வுகளில் 40 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குச் சிலரிடம் இது இருந்தது. சீனர்களிடம் மிகக் குறைவு. இந்த ஊர் மருத்துவ அறையில் இதற்கு ஒரு பொருள் இருக்கிறது: வருகிறவர்களில் பெரும்பான்மை சீனர்கள். இதைத் தேடும் பழக்கம் கைக்கு வராமல் போவது இயல்பு. தஞ்சாவூரில் ஒரு கண் மருத்துவர் வாரத்துக்குப் பலமுறை பார்ப்பதை இங்கே நாங்கள் எப்போதாவது பார்க்கிறோம். தமிழ்ப் பெரியவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் கண்மணி ஓரத்தை ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்பது இந்த நிகழ்வுக்குப் பிறகு நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி.

"ஆஸ்துமா இல்ல, இழுப்புதான்"

சிகிச்சை ஏறக்குறைய தப்பாகத் தொடங்கியிருக்கும். மருத்துவர் இரண்டு மருந்து ஒரே போத்தலில் கலந்த சொட்டு ஒன்றை எழுதினார். அதில் ஒன்று டிமோலால். நல்ல மருந்து, ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். நாடித்துடிப்பு மெதுவாக உள்ளவர்களுக்கும் கூடாது. மருத்துவர் முறைப்படி கேட்டார், ஆஸ்துமா உண்டா என்று. பெரியவர் "நோ, நோ" என்றார். கணினிப் பதிவிலும் எதுவும் இல்லை.

கட்டணச் சலுகைக்காக மெர்டேக்கா தலைமுறை அட்டையை எடுக்க அம்மா கைப்பையைத் திறந்தார். கைக்குட்டை, தைலப் புட்டி, சில்லறைப் பை ஒவ்வொன்றாக மேசைமேல் வந்தன. கூடவே நீல நிறத்தில் ஒரு இன்ஹேலர்.

"இது யாருக்கும்மா?"

"இவருக்குத்தான். ஊருக்குப் போனப்ப வாங்கினது. மழைக்காலத்துல இழுப்பு வரும்."

"ஐயா, ஆஸ்துமா இல்லைன்னு சொன்னீங்களே?"

"ஆஸ்துமா இல்ல தம்பி. இழுப்புதான்."

அவரைப் பொறுத்தவரை ஆஸ்துமா என்பது ஆம்புலன்ஸில் போகும் நோய். இழுப்பு என்பது சளி. பொய் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் யாரிடமும் ஆஸ்துமா உண்டா என்று மட்டும் கேட்பதில்லை. இழுப்பு வருமா, வீசிங் உண்டா, வாயில் அடிக்கும் பம்ப் வைத்திருக்கிறீர்களா, ஊரில் வாங்கியது ஏதாவது உண்டா என்று நாலு விதமாகக் கேட்கிறேன். மருத்துவர் அந்தச் சீட்டை அடித்துவிட்டு, இரவில் ஒருமுறை லட்டனோப்ரோஸ்ட், பகலில் பிரின்சோலமைட் என்று மாற்றினார். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான்.

நான்கு வாரம் கழித்து வலது கண் 25. இறங்கியது, போதாது. ஒரு மாதத்துக்கு வர வேண்டிய போத்தல் பதினாறு நாளில் தீர்ந்துவிட்டது என்று சொல்லி இரண்டாவது வாங்கியிருந்தார். போட்டுக் காட்டச் சொன்னேன். நின்றபடி தலையை அண்ணாந்து, கையை உயரத் தூக்கி, பிழிந்தார். ஒரு சொட்டு இமைமயிரில், ஒன்று கன்னத்தில், மூன்றாவது கண்ணில். அம்மா கன்னத்தைத் துடைத்துவிட்டார், பழகிய கையால்.

கட்டிலில் படுக்கச் சொன்னேன். கீழ் இமையை இழுத்தால் ஒரு சின்னப் பை வரும், ஒரே ஒரு சொட்டு அதற்குள். கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. பிரின்சோலமைட் பால்போல இருக்கும், குலுக்கித்தான் போட வேண்டும். அவர் குலுக்கியதே இல்லை. அடுத்த எட்டாவது வாரம் அழுத்தம் 20. மருந்து அதேதான்.

லேசர், அப்புறம் கத்தி

நரம்பு இவ்வளவு போன கண்ணுக்கு 20 போதாது, 15க்குப் பக்கத்தில் வேண்டும் என்பது மருத்துவர் கணக்கு. 2024 பிப்ரவரியில், நீர் நன்றாக இறங்குவதற்காக வடிகாலில் எஸ்எல்டி என்ற லேசர் செய்தார்கள். பத்து நிமிட வேலை. பொடி படிந்த, நிறமி ஏறிய கண்ணில் இந்த லேசர் ஆரம்பத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஆறு வாரத்தில் 15. ஆனால் காலப்போக்கில் தேய்ந்துவிடும் என்று முதல் நாளே சொல்லி வைத்தோம். சொன்னபடியே, 2025 தொடக்கத்தில் 22.

இதற்குள் கண்புரையும் முற்றி 6/36. இரண்டையும் ஒரே அமர்வில் செய்யலாம் என்று முடிவானது: புரையை எடுத்து லென்ஸ் வைப்பது, கூடவே வெண்படலத்தில் புது வடிகால் வாய் அமைப்பது. பங்குனி உத்திரம் முடியட்டும் என்றார். ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பேத்தியின் பேரில் பால்குட நேர்த்திக்கடன். சில வாரம்தான், சொட்டு மருந்தைக் கூட்டிச் சமாளித்தோம்.

இந்த நோய் உள்ளவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை சாதாரணமானது அல்ல, அதை முன்கூட்டித் தெரிந்திருப்பதே பாதி வெற்றி. லென்ஸ் பந்தல்போல மெல்லிய இழைக் கயிறுகளில் தொங்குகிறது. அந்தக் கயிறுகளையும் பொடி அரித்துவிடும். இவர் கண்ணை அசைத்தபோது லென்ஸ் லேசாக நடுங்கியது. கண்மணியும் விரியாது. சிறிய ஜன்னல் வழியாக, ஆடும் பந்தலில் வேலை. அதனால் கண்மணியை விரித்துப் பிடிக்க ஒரு தற்காலிக வளையம், லென்ஸ் பையைத் தாங்க உள்ளேயே நிரந்தரமாக இன்னொரு வளையம் என்று எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்கினார்கள். 2022இல் கண்மணியை விரிக்காமலே "சாதாரணக் கண்புரை" என்று பட்டியலில் போட்டு, தயார் இல்லாமல் மேசையில் படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

கட்டை அவிழ்த்த மறுநாள் அவர் முதலில் கேட்டது, "மேல் பாதி வந்துடுச்சான்னு பாருங்க தம்பி" என்பதுதான். எத்தனை முறை சொல்லியிருந்தாலும், புரை போனால் போனதெல்லாம் திரும்பும் என்ற நம்பிக்கை உள்ளே இருந்திருக்கிறது. செத்த நரம்பு திரும்பாது ஐயா, இருப்பதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்து, "கலரு நல்லா இருக்கு" என்றார்.

மூன்றாம் மாதம் வலது கண்ணில் பார்வை 6/9, சொட்டு மருந்தே இல்லாமல் அழுத்தம் 12. பார்வைப்புலம் அதே இடத்தில் நிற்கிறது. எழுதிக் கொடுத்து அனுப்பிய எச்சரிக்கைகள் இரண்டு. வடிகால் வைத்த கண் சிவந்தாலோ பீளை தள்ளினாலோ அன்றைக்கே வர வேண்டும், தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. வைத்த லென்ஸ் பல ஆண்டுகள் கழித்தும், சராசரியாக எட்டு ஆண்டுபோல, பையோடு நழுவலாம். திடீரென மங்கினாலோ ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ அதைப் புதுக் கண்ணாடியால் சரிசெய்யப் பார்க்க வேண்டாம்.

ஜோகூரில் இருக்கும் அவர் தங்கைக்கு 68 வயது. கண்மணியை விரித்துப் பார்க்கச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். போனார். இரண்டு கண்ணிலும் பொடி, அழுத்தம் இன்னும் 18, நரம்பு சுத்தம். மருந்து எதுவும் வேண்டாம், ஆண்டுக்கு இருமுறை வந்து அளந்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பொடி இருக்கிற எல்லோருக்கும் அழுத்தம் ஏறிவிடுவதில்லை. ஏறினால் உடனே பிடிக்கத்தான் அந்த இருமுறை.

போன மாதம் இவருடைய இடது கண்ணை விரித்துப் பார்த்தோம். கண்மணி ஓரத்தில், கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில், வெள்ளையாக மூன்று துகள். அழுத்தம் 17, நரம்பு நன்றாக இருக்கிறது. அடுத்த தேதியை மருமகளின் விடுப்பு நாளைக் கேட்டு, காலை எட்டு மணிக்குப் போட்டிருக்கிறேன். பேத்தியை அன்று அம்மா கூட்டி வருவார்.